வண்டியத் தூக்கப் போறியாமே, பேராண்டி?

ஏம்ப்பா பேராண்டி, வண்டியத் தூக்கப் போறியாமே? ஒங்கம்மா சொன்னா. காசு கேட்டு ரெண்டு நாளாச் சோறு எறங்கலயாம்ல ஒனக்கு?

பழைய ஜிப்சி ஒண்ண வாங்கிட்டு வந்த. நல்ல காரியம். 1985ல வந்த வண்டி அது. 2019ல கம்பெனிக்காரன் போதும்னு கையெடுத்துட்டான். பட்டாளத்துல ஒழச்ச சாதி. ஒன்னோடது ஒன்னயவிட வயசுல மூத்தது. மூத்தத வீட்டுக்குக் கூட்டியாந்தா மொத என்ன செய்யணும்? ஆயில் மாத்தணும். பிரேக்கப் பாக்கணும். அடியில சாக்கப் போட்டுப் படுத்து, சேஸ் எங்க அரிச்சிருக்குன்னு ஸ்குரூ டிரைவரால குத்திப் பாக்கணும். நீ என்ன செஞ்ச? பானெட்டத் தொறக்கல, போனத் தொறந்த. எந்தப் பாலைவனத்துலயோ எவனோ மணலப் பறக்கவிட்டு ஓட்டுறான். அவன் வண்டி ஆளு ஒசரம் நிக்கிது. பாத்ததும் ஒன் வண்டி ஒனக்குக் குட்டையாப் போச்சு.

நேத்து வரைக்கும் சரியாத்தானடா இருந்துச்சு?

இப்ப பாரு, வண்டி வாங்குன காசுல பாதிக்கு மேல வண்டியத் தூக்குற அந்தக் கிட்டுக்கே ஆகும்போல. சுண்டைக்கா கால் பணம், சொமகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாக? அதுவும் ஆஸ்திரேலியாவுலேருந்து கப்பல்ல வரணுமாம். வந்து எறங்குறதுக்குள்ள ஒன் வண்டிக்குத் தகரம் மிஞ்சுமான்னு மொத பாரு.

சரி, கோவிச்சுக்காத. ஒக்காரு. தாத்தன் வயித்தெரிச்சல்ல சொல்லல. போடியில பொறந்து ஜீப்புச் சத்தத்துலயே வளந்தவன் நான். விடிய முன்னாடி ஏலக்காத் தோட்டத்துக்கு ஆள ஏத்திக்கிட்டுப் போடிமெட்டு ஏறுற ஜீப்புகளப் பாத்திருக்கேல்ல? பதினேழு கொண்டை ஊசி. உள்ள எத்தன பேரு, பின்னாடி தொங்குறது எத்தன பேருன்னு எண்ணிப் பாக்குறதுக்குள்ள அடுத்த வளைவுல போயிருவான். அதுல எந்த ஜீப்பு ஆஸ்திரேலியா ஸ்பிரிங்கு போட்டிருக்கு? அங்குட்டுச் சூரியநெல்லிக்குப் போ. கொழுக்குமலைக்கு ஏறுற பாதை இருக்கே, பாதையாடா அது? பாறையும் பள்ளமுமாக் கெடக்கும். 7,000 அடிக்கு மேல சூரியன் உதிக்கிறதப் பாக்கணும்னு பட்டணத்து ஆளுகள இருட்டோட ஏத்திக்கிட்டுப் போறானுக. நான் பாத்தவரைக்கும் அம்புட்டும் மகிந்திரா ஜீப்பு, கம்பெனி குடுத்த ஒசரந்தான். ஓட்டுறவன் செருப்பக் கழட்டி வச்சிட்டு வெறுங்கால்ல கிளட்ச்ச அளந்து அளந்து விடுறான். அந்தக் காலு எந்தக் கிட்டுலடா வருது?

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ இன்னும் ஆடவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள கூடத்த இடிக்கிறங்குற.

ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லு. எங்க ஓட்டப் போற? தேனி பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஒங்க ஆபீசு, சனிக்கெழமையானா சினிமா. மேகமலைக்கு வருசத்துல ஒருக்காப் போவ, அதுவும் தார் ரோட்டுல. இதுக்கு எதுக்கு நாலு இஞ்சி தூக்கணும்? வேகத்தடையில தட்டுதா? தட்டுனா வேகத்தக் கொறைக்கச் சொல்லித்தான அதுக்குத் தடைன்னே பேரு வச்சிருக்கான்?

அப்ப தூக்குறதே தப்பாங்கிறியா? தப்புன்னு எவன் சொன்னான்? எதத் தூக்குறோம்னு தெரிஞ்சு தூக்குங்குறேன். இதத்தான் ஒரு பயலும் சொல்ல மாட்டேங்குறான்.

வண்டிக்கு அடியில குனிஞ்சு பாரு. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஆக்சில் இருக்கு. அதுல உருண்டையா ஒண்ணு பொடச்சுக்கிட்டு நிக்கிது பாரு, அதுதான் டிப்ரன்சியல் கூடு. தரைக்குக் கிட்டத்துல இருக்குறது அதுதான். கல்லுல மொத இடிக்கிறதும் அதுதான். கம்பெனிக்காரன் ஒன் ஜிப்சிக்கு 210 மில்லிமீட்டர்னு கணக்குச் சொன்னானே, அது அங்க அளந்த கணக்கு. இப்ப நீ ஸ்பிரிங்க மாத்தி நாலு இஞ்சி தூக்குற. எது மேல போகும்? ஸ்பிரிங்குக்கு மேல உள்ளது அம்புட்டும் போகும். சேஸு, எஞ்சினு, பாடி, ஒக்காந்திருக்குற நீயி, அம்புட்டும். அந்த உருண்டை? அது ஆக்சிலோட சக்கரத்துல மாட்டிக் கெடக்கு. ஒரு நூலு கூட ஏறாது. ஆத்துல எறங்கையில வேட்டிய எம்புட்டு ஏத்திக் கட்டுனாலும் மொழங்கால் நனையாம இருக்குமா? வேட்டி தப்பிக்கும். அம்புட்டுத்தான்.

வேட்டி தப்பிக்கிறதும் ஒரு லாபந்தான், இல்லங்கல. மேட்டுல ஏறி அங்குட்டு எறங்குறப்ப வண்டி வயிறு தட்டாது. பள்ளத்துல எறங்குனா மூக்கு மண்ணத் தொடாது. பின் பம்பர் கல்லுல ஒரசாது. காட்டுப் பாதையில நெசமா ஓட்டுறவனுக்கு அது வேணும். ஆனா அந்த உருண்டை ஏறணும்னா ஒரே வழிதான், பெரிய டயரு. அதுலயும் கணக்கு இருக்கு, கேளு.

ஒன் வண்டியில இருக்குறது 205/70 ஆர் 15. சுத்து ஒசரம் 668 மில்லிமீட்டர் வரும். நீ ஆசப்பட்டுக் காட்டுனியே, அந்தப் பெரிய டயரு, அது 235/75 ஆர் 15. அது 733. வித்தியாசம் 65. ஆக்சில் சக்கரத்தோட நடுவுல இருக்குறதால அதுல பாதிதான் ஏறும். ஒன்னேகால் இஞ்சிக்குக் கொஞ்சம் கூட. ஒன்னேகால் இஞ்சிக்கு எம்புட்டு ஆர்ப்பாட்டம் பாத்தியா?

அந்த ஒன்னேகால் இஞ்சியும் ஓசியில வராது. சக்கரம் பத்துல ஒரு பங்கு பெருசாச்சுன்னா, ஒவ்வொரு கியரும் அம்புட்டுக்கு இழுவை கொறையும். பழைய ஜிப்சி எஞ்சினு 970 சிசி. குதிரை 45. அதுல பாதி கெழட்டுக் குதிரை இந்நேரம் லாயத்துலயே படுத்திருக்கும். பதினேழு கொண்டை ஊசியிலயும் மொதக் கியர்ல கிளட்ச்ச வேகவச்சுக்கிட்டு ஏறுவியா? ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அது 60ன்னு காட்டும், நீ 66ல போயிக்கிட்டு இருப்ப. கனமான சக்கரத்த நிறுத்த அதே பழைய பிரேக்குத்தான். திருப்புறப்ப டயரு மட்காட்டுல ஒரசும். ஒரசுதேன்னு வண்டியத் தூக்குவ. தூக்குனதும் சக்கரம் சின்னதாத் தெரியும். தெரியுதேன்னு இன்னும் பெரிய டயரு தேடுவ. இதுக்கு முடிவு எங்கடா இருக்கு? ஒங்கப்பன் பேங்க் புஸ்தகத்துலதான்.

ரெண்டாம் உலகப் போர்ல ஓடுச்சே வில்லிஸ் ஜீப்பு, அதுக்கு என்ன டயருன்னு தெரியுமா? 6.00-16. ஒல்லிக்குச்சி. மகிந்திரா பழைய ஜீப்புலயும் அதுதான். சேத்துல எறங்குனா ஒல்லி டயரு மேல் சேத்தக் கிழிச்சு அடியில கெட்டித் தரையத் தேடும். அகல டயரு பட்டணத்துல பாக்க மிடுக்கா இருக்கும். அந்த மிடுக்குக்கு ஸ்டீயரிங்கத் திருப்புறப்ப தோள்பட்டைதான் வாடகை கட்டும்.

இப்ப விசயத்துக்கு வாரேன். ஒன் வண்டி நெசமாவே குட்டையாத்தான் நிக்கிது. நானும் பாத்தேன். ஆனா அது பொறந்த ஒசரம் இல்லடா, எறங்குன ஒசரம். முப்பது வருசமாச் சொம சொமந்த ஸ்பிரிங்குப் பட்டை எறங்காம என்ன செய்யும்? ஜிப்சிக்கு நாலு பக்கமும் கட்டுப் பட்டைதான். ஒரு டேப்ப எடு. சமதளத்துல வண்டிய நிறுத்து. காத்து நாலு டயர்லயும் ஒண்ணாப் பிடி. சக்கரத்து நடுவுலேருந்து மட்காட்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அள. வலது பக்கம் எறங்கியிருக்கும், பந்தயம் கட்டுறேன். டிரைவர் ஒக்காந்து ஒக்காந்து எறங்குன பக்கம் அது. எறங்குனத எடுத்துக் கட்டுனாலே ஒரு இஞ்சி, ஒன்ற இஞ்சி திரும்பக் கெடைக்கும். அதுக்குக் கப்பல் வர வேண்டியதில்ல.

பட்டை அடிக்கிற பட்டறைக்குப் போயிருக்கியா? போயிருக்க மாட்ட. அங்க ஏசி கெடையாது. ஆனா போயி ஒருநாள் நில்லு. மொத யூ போல்ட்டுல மண்ணெண்ணெய ஊத்தி ஊற விடுவாரு. கழட்டுன யூ போல்ட்டத் திரும்ப மாட்ட மாட்டாரு நல்ல மிஸ்திரி. அது ஒருக்கா இழுபட்டது, புதுசு போடுன்னுருவாரு. பட்டைக் கட்ட எறக்கி வைஸ்ல கடிக்க விட்டு சென்டர் போல்ட்ட எடுத்தாருன்னா, பட்டை ஒண்ணொண்ணாப் பிரியும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல துரு ஏடு ஏடாக் கொட்டும். கீழ்ப் பட்டையோட நுனி மேல் பட்டைய ஒரசி ஒரசிப் பள்ளம் பறிச்சிருக்கும். அதுல வெரல வச்சுப் பாரு, நகம் எறங்கும். அந்த எடத்துலதான் என்னைக்காவது ஒருநாள் டொப்புன்னு ஒடியும். சென்டர் போல்ட்டே ஒடிஞ்சு கெடந்தாலும் ஆச்சரியப்படாத. அது ஒடிஞ்சா ஆக்சில் ஒருபக்கம் பின்னுக்கு நகந்து, வண்டி நண்டு நடை நடக்கும். நீ பாட்டுக்கு அலைன்மென்ட் கடையில காசக் குடுத்துக்கிட்டு இருப்ப.

அப்புறம் மிஸ்திரி தரையில சாக்பீசால ஒரு வளைவு போடுவாரு. அதுதான் அவருக்குக் கம்ப்யூட்டரு. பட்டைய உலையில செவக்க வச்சு, அடிச்சு, அந்தக் கோட்டு மேல வச்சுப் பாப்பாரு. பொருந்தலையா, மறுபடியும் உலை. பொருந்துனதும் எண்ணெயில முக்கி, பதம் பாத்து எடுப்பாரு. இந்தப் பதம் தெரியாத ஆளுகிட்ட மாட்டுனியோ, தொலைஞ்ச. கூடிப்போனா கண்ணாடியா ஒடையும், கொறைஞ்சா ஈயமா வளையும். காய வைக்காமப் பச்சையாச் சுத்தியால நாலு போடு போட்டுக் குடுக்குறவன் ரொம்ப மலிவாச் சொல்லுவான். நாலு மாசத்துல பட்டை பழையபடி படுத்துரும், அவனும் கடைய அடுத்த தெருவுக்கு மாத்தியிருப்பான். பட்டை ரொம்பத் தேஞ்சுருச்சுன்னா அடிக்காத, புதுக் கட்டே வாங்கிப் போடு. இதெல்லாம் ஒனக்குப் பழசாத் தெரியும். ஆனா நீ வாங்கப் போற கிட்டும் இதே இரும்புதான். பெட்டியில படம் போட்டிருக்கும், அது ஒண்ணுதான் கூட.

அய்யோ தாத்தா, அதுக்கு மேல ரெண்டு இஞ்சியாவது வேணும்ங்குற. வேணும்னா அதுக்கும் வழி இருக்கு. ஆனா குறுக்கு வழிக்காரன் நாலு பேரு நிப்பான். அவன்கிட்ட இருந்து தப்பி வா.

ஒருத்தன் ஷாக்கிள நீட்டலாம்பான். பட்டையோட முனையில தொங்குற அந்த ரெண்டு துண்டு இரும்புதான். ரெண்டு இஞ்சி நீட்டுனா வண்டி ஏறுறது ஒரு இஞ்சிதான், ஏன்னா ஒரு முனைதான எறங்குது. முன்பக்கம் அப்படி நீட்டுனா ஆக்சில் முன்னுக்குச் சாயும், காஸ்டர் கோணம் கெடும். ஸ்டீயரிங்க விட்டா வண்டி தன்னால நேராப் போகணும்ல, அது போகாது. ரோட்ட மோந்துக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் அலையும். இன்னொருத்தன் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல கட்டைய வைக்கலாம்பான். பின்னாடி லாரிக்காரன் வைப்பான், சரி. முன்னாடி வைக்கிறவன் கையப் புடிச்சு வெளிய விடு. அமுத்தி பிரேக் போட்டா கட்டை உருண்டு வர, நீயும் உருண்டு வருவ. மூணாவது ஆளு, பாடிக்கும் சேசுக்கும் நடுவுல ரப்பர் வட்டைய வச்சுத் தூக்குறவன். டயருக்கு எடம் கெடைக்கும், நெசந்தான். ஆனா சேசு அதே எடத்துலதான் கெடக்கும். பாக்குறவனுக்குக் காத்தாடத் தெரியும் அந்தச் சந்து.

நாலாவதுதான் பெரிய படிப்பு. ஜிப்சியில ஆக்சில் பட்டைக்கு மேல ஒக்காந்திருக்கு. அதப் பட்டைக்குக் கீழ மாத்தி வெல்டு வச்சா ஒரே மூச்சுல அஞ்சு இஞ்சி கிட்ட ஏறிரும். பாறை மேல போட்டி ஓட்டுறவன் செய்யுறான். அவன் அதோட பத்து வேல சேத்துச் செய்யுறான். நீ வெல்டிங் கடைப் பையன நம்பிச் செஞ்சியன்னா, ஆக்சிலேட்டர மிதிக்கிறப்பல்லாம் ஆக்சில் முறுக்கிக்கிட்டுப் பட்டைய எஸ் எழுத்தா வளைக்கும். ஸ்டீயரிங் ராடும் ஒழுங்கா வராது. வெல்டு ஆக்சிலு மேல இருக்கு, ஆக்சில் மேல நீ இருக்க. யோசிச்சுக்க.

எந்த வழியில தூக்குனாலும் ஒண்ணத் தொட்டா ஒம்போது வரும். ஜிப்சியில ட்ரான்ஸ்பர் கேஸ் கியர்பாக்ஸ விட்டுத் தனியா நடுவுல தொங்குது. அங்கேருந்து முன்னுக்கு ஒரு சாப்ட்டு, பின்னுக்கு ஒரு சாப்ட்டு. வண்டி ஏறுனா ரெண்டும் செங்குத்தாச் சாயும். சாப்ட்டு முனையில உள்ள கிராஸ் சீக்கிரம் தேயும். அம்பது தாண்டுனா வண்டி நடுங்கும். நீ டயரு பேலன்ஸ் இல்லன்னு நெனப்ப. அதுக்குப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல சின்னதா ஆப்பு வச்சுக் கோணத்தச் சரி பண்ணணும். கிட்டு விக்கிறவன் ஒனக்கு வைக்கிற ஆப்பு வேற, அதோட சேத்துக் குழப்பிக்காத. பிரேக் ஓஸப் பாரு. வண்டிய ஜாக்கியில ஏத்தி ஆக்சிலத் தொங்க விட்டா, ஓஸு கம்பியா இழுபட்டு நிக்கும். அது பிஞ்சதுன்னா பிரேக்கு மிதியில காத்துத்தான் இருக்கும். நீட்டு ஓஸு போடாம வண்டிய வெளிய எடுக்காத. சாக்கப்சரும் அப்படித்தான். பழசு நீளம் பத்தாம, பட்டை எறங்குறதுக்குள்ள அது முட்டி நிக்கும். ஆகமொத்தம், கிட்டுன்னு வாங்குனா பட்டை, சாக்கப்சரு, யூ போல்ட்டு, புஷ்ஷு, ஓஸு, ஆப்பு எல்லாம் ஒரே வீட்டுல பொறந்ததா இருக்கணும். பட்டை ஒரு கடை, சாக்கப்சர் சந்தைன்னு சேத்தா, ஒருத்தன் இழுக்கையில இன்னொருத்தன் தூங்குவான்.

கிட்டுக் கம்பெனிகளப் பேரு பேராச் சொன்னியே. அதுல ஒண்ணு ஓல்டு மேன் ஈமுன்னு. ஆஸ்திரேலியாச் சரக்கு. நல்ல சரக்குதான், கொறை சொல்லல. ஆனா ஈமுன்னு காதுல விழுந்ததும் எனக்குப் பெருந்துறைப் பக்கம் நடந்ததுதான் ஞாபகம் வருது. 2012ல ஊரே ஈமுக் கோழியில காசப் போட்டுட்டு நடுத்தெருவுல நின்னுச்சே? கோழி மேல என்ன குத்தம்? எதுக்கு வளக்குறோம்னு ஒருத்தரும் கேக்கல. நீயும் எதுக்குத் தூக்குறோம்னு கேக்காமக் காசப் போடாத.

கிட்டு விக்கிற கடைக்காரன் ஒசரத்த மட்டும் கேட்டா எந்திரிச்சு வந்துரு. வண்டியில எம்புட்டுச் சொம ஏத்துவன்னு கேக்குறவன்தான் வெவரமானவன். பட்டைய ஒசரத்துக்கு வாங்கக் கூடாது, சொமைக்கு வாங்கணும். எப்பவும் முந்நூறு கிலோ பின்னாடி ஏத்துறவனுக்கு ஒரு பட்டை. ஒன்னய மட்டும் ஏத்துறதுக்கு வேற பட்டை. ஹெவி டூட்டின்னதும் நெஞ்ச நிமித்திக்கிட்டு வாங்கிருவ. காலி வண்டியில அந்தக் கட்டைப் பட்டையப் போட்டா, கல்லுல ஏறுறப்ப பட்டை அசையாது, நீதான் கூரைய முட்டுவ. ஜிப்சி இப்பவே எலும்ப எண்ணுற வண்டி. பட்டை அசையலேன்னா சக்கரம் தரைய விட்டுத் தூக்கும். காத்துல சுத்துற சக்கரம் எந்த மேட்டுல ஏறும்? தூக்குறதே சக்கரம் மண்ணப் புடிக்கத்தானடா? ஏடு ஒட்டாம நடுவுல சந்து விட்டு வருதே பாராபோலிக் பட்டை, அதக் கேட்டுப் பாரு. ஒரசல் கொறைவு. இடுப்பு ஒனக்கு நன்றி சொல்லும்.

அப்புறம் நீ ஆசப்படுற அந்த அலங்காரம். முன்னாடி இரும்புக் கேட்டு, அதுல வின்ச்சு, கூரையில கேரியரு, கேரியர்ல ரெண்டாவது ஸ்டெப்னி, பக்கத்துல காலி டீசல் கேனு. பெட்ரோல் வண்டிக்கு டீசல் கேனு எதுக்குடா? முன்னாடி கேட்டு மாட்டாதன்னு 2017லயே மத்திய சர்க்கார் சொல்லியாச்சு. அத விடு. அம்புட்டு இரும்பையும் ஏத்துனா, காசு குடுத்துத் தூக்குன ரெண்டு இஞ்சியும் சொமையில எறங்கிப் பழைய எடத்துக்கே வந்துரும். அன்னைக்கு ஒனக்கு இன்னொரு கிட்டு வேணும்னு தோணும்ல?

கூரையில ஏத்துறதும் ஒசரத்துல ஏத்துறதும் வளைவுல கணக்குக் கேக்கும். வண்டி ஒசருது, அகலம் ஒசருதா? ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம் அப்படியேதான் இருக்கு. கனம் மேல போக மேல போக வண்டி சாய ஆசப்படும். கொண்டை ஊசியில நீ ஒடிக்கிறப்ப ஒரு பக்கம் லேசாகுறது ஒனக்கே தெரியும். மேடு பள்ளத்துல பக்கவாட்டுல சாஞ்சு போறப்ப சொல்லவே வேண்டாம். வண்டி கவுந்தா பாக்குறவன் என்ன சொல்லுவான்னு நெனைக்கிற? "நல்ல ஒசரமான வண்டி, பாவம்"பான்.

சர்க்கார் கணக்கும் இருக்கு, காது குடுத்துக் கேளு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. கம்பெனிக்காரன் குடுத்து ஆர்சி புக்குல ஏறுன அமைப்ப நீயா மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதத்தான் சொல்லுச்சு. அதே வருசம் திருத்துன சட்டத்துல, மாத்துன ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபா, இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டுமா கூட இருக்கலாம். ஒண்ணொண்ணுக்கும்னு எழுதியிருக்கான், கவனிச்சியா? ஒன் பட்டியல்ல எத்தன உருப்படி இருக்கு, எண்ணு. அடிபட்டு இன்சூரன்சுக்குப் போனா அவனும் அடியில குனிஞ்சு பாப்பான். காசு குடுக்காம இருக்கக் காரணம் தேடுறவனுக்கு நீயே பட்டியலக் குடுக்குற. ஆர்டிஓ ஆபீசுல மொத விசாரிச்சுட்டு அப்புறம் ஸ்பேனரத் தொடு.

இதெல்லாம் போகட்டும். ஒங்க அம்மாச்சிய எப்படிடா ஏத்துவ? முட்டி வலிக்காரி. இப்பவே ஜிப்சியில ஏற ரெண்டு தடவ முருகனக் கூப்புடுறா. நாலு இஞ்சி தூக்குனா ஆறுபடை வீட்டையும் கூப்புடணும். படி வச்சுக் குடுக்குறேம்ப. வையி. ரெண்டு பக்கமும் கீழ தொங்குற கம்பிப் படி. அந்தப் படி கல்லுல இடிக்கும். அப்ப எதுக்குத் தூக்குன?

சரி, மொகத்த ஏன் தொங்கப் போடுற? இம்புட்டும் கேட்டும் ஒனக்கு ஆசை அடங்கலேன்னா வரிசையாச் செய்யி. பட்டைய எடுத்துக் கட்டு. புஷ்ஷ மாத்து. நல்ல சாக்கப்சர் போடு. காட்டுப் பாதையில எறங்குனா டயர்ல காத்த எறக்கு. ரோட்டுக்கு எம்புட்டுப் பிடிக்கிறியோ அதுல மூணுல ஒரு பங்க விட்டுப் பாரு, டயரு படிஞ்சு கல்லக் கவ்வும், குலுக்கலும் கொறையும். அதுக்கு ஒரு பைசா ஆகாது. ரோடு ஏறுனதும் திரும்பப் பிடிச்சிரு, மறந்து தொலைக்காத. ஒரு சின்னப் பம்ப்பு வாங்கிக்க, அதுக்கு வேணா நான் காசு தாரேன். இப்படி ஒரு மழைக்காலம் ஓட்டு. எங்க தட்டுது, எது தட்டுதுன்னு சுண்ணாம்பக் கொழச்சு அடியில பூசிட்டுப் போ. எங்க சுண்ணாம்பு போயிருக்கோ அங்கதான் தட்டுது. உருண்டையில போயிருந்தா டயரப் பத்தி யோசி. வயித்துல போயிருந்தா பட்டையப் பத்தி யோசி. எங்கயும் போகலையா? அப்ப நீ தூக்க வேண்டியது வண்டிய இல்ல, கால. இன்னும் கொஞ்சம் தூரமாப் போயி ஓட்டிப் பாரு.

அப்பவும் வேணும்னா ரெண்டு இஞ்சி. அதுக்கு மேல கேட்டா என்கிட்ட வராத, சர்க்கஸ்ல சேந்துக்க.

கெளம்புறியா? இரு, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கியர் கம்பிக்குப் பக்கத்துல இன்னொரு கம்பி நிக்கிதே, குட்டையா, தலையில 4எச், 4எல்லுன்னு எழுதி? வாங்குனதுலேருந்து அத ஒருக்காவாவது போட்டுப் பாத்திருக்கியா? முன் சக்கரத்து நடுவுல திருகு வச்ச வண்டியா இருந்தா, எறங்கிப்போயி அதக் கையால லாக்குக்குத் திருப்பணும், தெரியுமா? ... என்னடா முழிக்கிற? சாவியக் குடு. போயி ஒரு கேன்ல எண்ணெயும், சேந்தாப்புல ஒரு சுத்தியலும் எடுத்துட்டு வா. துருப்புடிச்சு ஒட்டிப் போயிருக்கான்னு மொத பாப்போம்.